தேரோட்டிக்கு வீடு எங்கே?



திருடனாக, குடிகாரனாக, கோமாளியாக நம்மைத் திரையில் காட்டும்போது கோபப்படக் கற்றுக்கொண்டோம். சாமியாகவே காட்டிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்கக் கறுப்பர்கள் எதிர்கொண்ட அந்தச் சிக்கலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2001இல் இயக்குநர் ஸ்பைக் லீ கல்லூரி மாணவர்களிடம் பேசும்போது ஒரு பெயரைப் பரவலாக்கினார்: ‘மாய நீக்ரோ’. அந்தப் பழைய சொல்லை அவர் கிண்டலாக, வேண்டுமென்றேதான் எடுத்தார். எங்கிருந்தோ ஒரு கறுப்பர் வருவார். தெய்வ சக்தி இருக்கும், அல்லது பெரிய ஞானம் இருக்கும். தவிக்கும் ஒரு வெள்ளையரைக் கரையேற்றிவிட்டுப் போய்விடுவார். அவருக்கென்று ஒரு குடும்பமோ ஆசையோ இருக்காது.

1990இல் வந்த ‘கோஸ்ட்’ படத்தில், செத்துப்போன வெள்ளைக் காதலன் ஆவிகளோடு பேசும் கறுப்புப் பெண்ணின் உடலுக்குள் புகுந்து தன் காதலியைத் தொடுகிறான். ஊபி கோல்ட்பெர்க்கின் கைகள் கொஞ்ச நேரம் தெரிகின்றன. பிறகு திரையில் காதலன்தான் இருக்கிறான். உடம்பை இரவல் கொடுத்தவளைக் காணோம். 2003இல் ‘புரூஸ் ஆல்மைட்டி’யில் மார்கன் ஃப்ரீமன் கடவுள். அந்தக் கடவுளும் முதலில் தரை துடைப்பவராகத்தான் கதாநாயகன் கண்ணில் படுகிறார். அதற்கு இந்த அவையில் விளக்கம் தேவையில்லை.

‘தி லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்’ (2000) நமக்கு நேராகவே தொடர்புள்ள படம். அதன் மூலமான ஸ்டீவன் பிரஸ்ஃபீல்டின் நாவல் பகவத் கீதையின் மறுவார்ப்பு. பேகர் வான்ஸ் என்றால் பகவான். ஆர். ஜூனா என்றால் அர்ஜுனா. குருக்ஷேத்திரம் கோல்ஃப் மைதானமாகிவிட்டது. தேரோட்டி, பந்தடிக்கும் மட்டைகளைச் சுமக்கும் கறுப்புக் கூலியாளாகிவிட்டார். கூலி ஐந்து டாலர். போரில் மனமுடைந்து திரும்பிய வெள்ளை வீரனுக்கு அவர் ஆட்டத்தைத் திருப்பித் தருகிறார். கதை நடக்குமிடம் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரம், 1930களின் தொடக்கம். கறுப்பர்களைக் கும்பலாகக் கூடிக் கொன்ற கொடுமை மிகுதியாக நடந்த மாநிலம் அது. அங்கே தெய்வமே கறுப்பராக இறங்கி வந்து, ஒரு வெள்ளையனின் பந்தடியைத் திருத்திக்கொண்டிருக்கிறதே என்றுதான் ஸ்பைக் லீ கொதித்தார்.

கீதையைச் சதுர்வர்ணத்துக்குத் தத்துவ நியாயம் தேடிய நூலாக, பௌத்தப் புரட்சிக்கு எதிரான எதிர்ப்புரட்சியின் நூலாக அண்ணல் அம்பேத்கர் படித்தார். அவரவர் கடமையை அவரவர் செய்க என்ற அந்த உபதேசம் கடல் கடந்து போய், நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட ஊரில் இவ்வளவு சுலபமாகப் பொருந்திக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தேரைவிட்டு இறங்கினால் கண்ணனுக்குத் துவாரகை இருந்தது. பேகர் வான்ஸ் இரவு எங்கே போய்ப் படுத்தார்? படம் கேட்கவே இல்லை.

‘தி கிரீன் மைல்’ (1999) இன்னும் உருக்கமான படம். அதனாலேயே இன்னும் ஆபத்தான படம். மைக்கேல் கிளார்க் டங்கன் மிக நன்றாக நடித்திருக்கிறார்; நடிகர்மீது எனக்குக் குறையில்லை. இரண்டு வெள்ளைச் சிறுமிகளைக் கொன்றதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட ஜான் காஃபி, சிறைக்காவலரின் நோயைத் தீர்க்கிறான். சிறை அதிகாரியின் மனைவியைச் சாவிலிருந்து மீட்கிறான். தப்பவிடட்டுமா என்று கேட்டால், உலகத்தின் வலி தாங்கவில்லை, சாகிறேன் என்கிறான். கொல்பவர்களின் மனச்சுமையையும் அவனே இறக்கிவைக்கிறான்.

படத்தில் அது 1935. உண்மையான 1935இல், அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1931இல் இரண்டு வெள்ளைப் பெண்களை வன்புணர்ந்ததாக ஒன்பது கறுப்பு இளைஞர்கள்மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ஒருவரும் சாவை விரும்பிக் கேட்கவில்லை. ஒரு தாய், ஏடா ரைட், பிள்ளைகளைக் காப்பாற்ற ஐரோப்பா முழுக்கப் போய்க் கூட்டங்களில் பேசினார். ஜூரியில் கறுப்பர்களைத் திட்டமிட்டு விலக்கியது செல்லாது என்று 1935இல் தீர்ப்பு வந்தது கிளாரன்ஸ் நாரிஸ் வழக்கில்தான். அதன் பிறகும் அவருக்கு மறுபடி மரண தண்டனை விதித்தார்கள். பின்னர் அது ஆயுள் தண்டனையானது. 1946இல் பரோலில் வெளிவந்த நாரிஸ், நிபந்தனையை மீறி அலபாமாவை விட்டு ஓடினார். முப்பது ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்தார். வேலை பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1976இல் அவருடைய விடாத முயற்சிக்குப் பிறகு அலபாமா ஆளுநர் மன்னிப்பில் கையெழுத்திட்டார்.