ஒன்றரை கிராம் மருந்து

நான் வளர்ந்தது ஸ்ரீரங்கம். எங்க பெரியப்பா தினமும் காலையில காவிரிப் பாலம் தாண்டி நவல்பட்டு ஓஎஃப்டிக்கு வேலைக்குப் போவார். 1966-ல ஆரம்பிச்ச துப்பாக்கித் தொழிற்சாலை. வேலையைப் பத்தி வீட்ல மூச்சு விட மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார்: "துப்பாக்கிய நாங்க செய்றோம்டா. அது ஒழுங்கா ஓடுறது மருந்து கையிலதான் இருக்கு." அது புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

அமெரிக்காவில ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து, வீட்டு மேசையிலேயே புதுசா மருந்தும் ரவையும் வெச்சு மறுபடி தோட்டா ஆக்குவாங்க. (இங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா ஆயுதச் சட்டப்படி ஜெயில்தான்.) வயலைக் குடைஞ்சு நாசம் பண்ற சின்னப் பிராணிகளை தூரத்துல இருந்து சுடுறதுக்கு சின்ன ரவை, அதிக வேகம் வேணும். 1950-ல ரெமிங்டன் கொண்டு வந்த .222 அந்த ஜாதி.

அதுக்கு எந்த மருந்து போடுறது? விறகு அடுப்பை நினைச்சுக்கோங்க. சுள்ளி குபீர்னு எரிஞ்சு முடிஞ்சுடும், கட்டை நின்னு எரியும். மருந்துத் துணுக்கோட அளவும், வடிவமும், மேல்பூச்சும் அதைத்தான் தீர்மானிக்குது. ரொம்ப வேகமா எரிஞ்சா அழுத்தம் எகிறி துப்பாக்கியே சிதறலாம். ரொம்ப மெதுவா எரிஞ்சா ரவை குழலை விட்டுப் போன பிறகும் மருந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வேகம் வராது. சின்னக் கூட்டுக்குள்ள மொத்தமே ஒன்றரை கிராம் சொச்சம்தான். அதனால துளி கூடினாலும் குறைஞ்சாலும் தெரிஞ்சுடும். உருண்டை மருந்து அளக்கும்போது தண்ணி மாதிரி ஒழுகும். குச்சி மருந்து அங்கங்க சிக்கும். வெயில் வேற இருக்கு: சூடு ஏறினா சில மருந்துல அழுத்தமும் ஏறும். நம்ம ஊர் கத்திரி வெயில்ல யோசிச்சுப் பாருங்க!

இது ஏதோ வேட்டைக்காரங்க சமாச்சாரம்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அந்த .222-ஐக் கொஞ்சம் நீட்டினதுதான் ராணுவத்தோட 5.56 தோட்டா. எம்-16 துப்பாக்கியை குச்சி மருந்துல சோதிச்சுப் பார்த்திருந்தாங்க. 1964-ல உருண்டை மருந்துக்கு மாத்தினாங்க. துப்பாக்கி சுடுற வேகம் கூடிச்சு, உள்ள கசடு படிஞ்சுது. துடைக்கிற சாமான்கூட எல்லாருக்கும் போய்ச் சேரல. வியட்நாம்ல சண்டைக்கு நடுவுல துப்பாக்கி சிக்கி நின்னுச்சு. சிக்கின துப்பாக்கியோட செத்துக் கிடந்தவங்க உண்டு. 1967-ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிச்சு, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையா சாடுச்சு. சாதாரண ஒரு கொள்முதல் முடிவு மாதிரிதான் தெரியுது, இல்லையா? எனக்கு அதைப் படிச்சப்ப கோபம்தான் வந்துச்சு.

திருச்சியில செஞ்ச இன்சாஸும் அதே 5.56 தான்.

பெரியப்பா ரிட்டையர் ஆனதும் குடும்பமா ஊட்டிக்குப் போனோம். மலை ரயில் அருவங்காட்டுல நின்னுச்சு. 1903-ல இருந்து அங்க வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கு. கையில இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்படியே மடியில வெச்சுட்டு ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தார். "இங்கதான்டா மருந்து செய்வாங்க"ன்னார். ரயில் கிளம்பினதும் திரும்ப கடலை உரிக்க ஆரம்பிச்சுட்டார்.