அயல் மாநிலத்து வண்டியும் நம்மூர் வரியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எம்மை மோட்டார் வண்டி வரியைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தது உங்களிற் சிலர்க்கு வியப்பை விளைத்திருக்கலாம். இலக்கணத்திற்கும் வரிச்சட்டத்திற்கும் யாது உறவு என்று வினவுவார்க்கு யாம் கூறும் விடை ஒன்றே: இரண்டிடத்தும் சொல்லுக்குப் பொருள் காண்பதே வேலை. ‘விற்பனை’, ‘நுழைவு’, ‘இருப்பிடம்’ என்னும் மூன்று சொற்களின் பொருளை வேறு வேறாகப் பிரித்து அறியாமையால் நம்மவருட் சிலர் கைப்பொருள் இழந்து வருந்துவதைக் கண்ட பின்னரே, இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ள இசைந்தோம்.

நம் இளைஞர் பலர் இக்காலத்தில் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புதுச்சேரியிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். அங்கே கார் வாங்குகின்றனர். சில ஆண்டுகட்குப் பின் அதனோடு ஊர் திரும்புகின்றனர். வேறு சிலர் ஊரிலேயே இருந்துகொண்டு, ‘அங்கே மலிவு’ என்று தரகர் கூறக் கேட்டுச் சென்று வாங்கி வருகின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் யாம் முதற்கண் அறிவிக்க விரும்புவது யாதெனின், வரியானது வண்டி வாங்கிய ஊரைப் பார்ப்பதன்று, வண்டி ஓடும் ஊரைப் பார்ப்பது என்பதாம். இஃது இன்று நேற்று எழுந்த நியாயம் அன்று.

எல்லை கடந்து வரும் பொருளுக்கு இறை வாங்குதல் நம் நாட்டிற் பழைய வழக்கு. அதற்கு ‘உல்கு’ என்று பெயர். வள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களை எண்ணுமிடத்து அதனையும் சேர்த்து எண்ணினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழன் ஏவலர் பொருள்களை அளந்து வேங்கை முத்திரையிட்ட செய்தி பட்டினப்பாலையில் உள்ளது. முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயர் வழங்கிற்று. அவ்வரியின் சுமையை மக்கள் எத்துணை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்றாகும். பழமையைப் பேசத் தொடங்கினால் எமக்கு நிறுத்த மனம் வாராது. ஆதலின் இவ்வளவில் விட்டு நம் காலத்திற்கு வருவோம்.

பொதுவான விற்பனை வரி சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டு சட்டமாயிற்று. அப்பொழுது ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்தார். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கியதனால் சர்க்காருக்குக் குறைந்த வருவாயை ஈடு செய்தற்கு இவ்வரி துணையாயிற்று. பின்னர் வந்த அரசியற் சட்டமும் விற்பனை வரியை மாநிலங்களின் கையிலேயே வைத்தது. மாநிலந்தோறும் விகிதம் வேறுபட்டது. வேறுபடவே, வரி குறைந்த இடத்தில் விலை உயர்ந்த பண்டத்தை வாங்கி வரி மிகுந்த இடத்திற்குக் கொண்டுவருதல் வழக்கமாயிற்று. உப்பும் புளியும் அவ்வாறு வாங்கச் செல்வார் இலர். மோட்டார் வண்டியாயின் ஒருநாட் பயணத்தில் பல்லாயிரம் மிஞ்சும். புதுச்சேரி சென்று வண்டி வாங்கும் வழக்கம் இவ்வாறே பெருகிற்று.

இதனைத் தடுத்தற்கு எழுந்ததே 1990-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வண்டி நுழைவு வரிச்சட்டம். அயல் மாநிலத்தில் வாங்கிய வண்டி இங்கே பதிவு செய்தற்குரியதாயின், நம் எல்லையுள் நுழைந்தமைக்காக வரி செலுத்துதல் வேண்டும். அங்கே செலுத்திய விற்பனை வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கு அங்கே 20,000 ரூபாயும் இங்கே 60,000 ரூபாயும் வரி எனக் கொள்வோமாயின், எஞ்சிய 40,000 ரூபாயை இங்கே கட்டிய பின்னரே பதிவு நடைபெறும். ஆகவே அயலூர் சென்று வாங்கினவன் மிச்சம் பிடித்தது யாதுமில்லை. போக வரச் செலவே மிச்சம். இத்தகைய வரிகள் வாணிக உரிமைக்குத் தடை என்று பல மாநிலங்களில் வழக்குகள் எழுந்தன. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூடி, உள்ளூர்ப் பண்டத்திற்கும் வெளியூர்ப் பண்டத்திற்கும் வேற்றுமை காட்டாதவரை நுழைவு வரி விதிக்க மாநிலங்கட்கு உரிமையுண்டு என்று பெரும்பான்மையால் முடிவு கூறினர்.

அமெரிக்க நாட்டில் மைந்தர் வாழும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பலவாதலின், அந்நாட்டு வழக்கத்தையும் ஒருவாறு கூறுதல் பொருந்தும். ஆங்கு ஒரேகான், மான்டானா, நியூ ஹாம்ஷயர் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை. எனினும் ஒரேகானில் வாங்கிய காரைக் கலிபோர்னியாவில் வாழ்வோர் ஒருவர் தம் ஊரிற் பதிவு செய்யச் சென்றால், ‘பயன்பாட்டு வரி’ என்னும் பெயரால் அதே தொகையைக் கேட்பர். வாங்கிய பன்னிரண்டு திங்களுள் கொண்டுவந்த வண்டியைப் பெரும்பாலும் அங்கே ஓட்டுதற்கென்றே வாங்கியதாகக் கொள்வர். பிற மாநிலத்தில் வரி செலுத்தியிருப்பின் ரசீது காட்டிக் கழித்துக்கொள்ளலாம்; ரசீதைத் தொலைத்தவர்பாடு திண்டாட்டம். கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை கட்டிய ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து கொணர்ந்த இயந்திரங்களுக்கு வாஷிங்டன் மாநிலம் இவ்வரியைக் கேட்க, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1937-இல் வரி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கடலுக்கு அப்பாலும் நியாயம் ஒன்றாயிருத்தலைக் காண்க.

நம் நாட்டில் 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, நுழைவு வரி ஒழிந்தது. இப்பொழுது கார் விற்பனை மீதுள்ள வரி நாடெங்கும் ஒரே விகிதத்தது. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கும் எஞ்சின் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு 18 விழுக்காடு. பெரிய கார்களுக்கு 40. மின்சாரக் கார்களுக்கு 5. ஓசூரில் வாங்கினும் எல்லைக்கு அப்பால் அத்திபெலேயில் வாங்கினும் இத்தொகை மாறாது. அது எந்தக் கருவூலத்திற்குச் சேர்வது என்பது சர்க்கார்கள் தம்முள் தீர்த்துக்கொள்ளும் கணக்கு. நமக்கு அதில் வேலையில்லை. பழைய வண்டியை ஒரு தனி மனிதர் மற்றொருவர்க்கு விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வியாபாரி விற்றால் அவர் அடையும் இலாபப் பகுதிக்கு மட்டும் உண்டு.

அங்ஙனமாயின் இன்னும் அஞ்சுவது எதற்கு எனின், ‘ஆயுட்கால வரி’ என்று நாம் வழங்கும் மோட்டார் வண்டி வரிக்கே. இதனை ஜி.எஸ்.டி. விழுங்கவில்லை. இது மாநிலத்திற்குரியது, மாநிலந்தோறும் வேறுபடுவது. நம் மாநிலத்தில் 2023 நவம்பரிற் செய்த திருத்தப்படி, புதிய கார் 5 இலட்சம் வரை 12 விழுக்காடு, 10 இலட்சம் வரை 13, 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் ஒரு படிக்கட்டு உண்டு. பலர் அதனைக் காண்பதில்லை. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. இருபதினாயிரம் கூடி 10,10,000 ஆனால் வரி 1,81,800. அழகுக்கென்று கேட்டு வாங்கும் ஒரு சிறு உயர்வுக்காக ஐம்பத்து மூவாயிரம் ரூபாய் வரி கூடுதலாகக் கட்டுவார் உளர்.

இனி, ஒன்றை நன்கு கவனித்தல் வேண்டும். அயல் மாநிலத்திற் புதிய வண்டி வாங்கி, அங்கே தற்காலிகப் பதிவு மட்டும் பெற்று, ஊருக்குக் கொணர்ந்து நிலையான பதிவு செய்வோர் ஆயுட்கால வரியை இங்கே ஒருமுறை செலுத்துவர். அங்கேயே நிலையாகப் பதிந்து, பின்னர் இங்கே மாற்றுவோர் இருமுறை செலுத்துவர். பழைய வண்டிக்கு வயதிற்கேற்ப இங்கே வரி குறையும். அங்கே கட்டியதில் மிஞ்சிய காலத்திற்குரிய பகுதியை அம்மாநிலச் சட்டப்படி திருப்பிக் கேட்கலாம். ஆனால் இங்கே பதிவு முடிந்தமைக்குச் சான்று காட்டினாலன்றிக் கொடார். ஆகவே இங்கே முன்னர்க் கட்டி, அங்கே பின்னர்க் கேட்க வேண்டும். கையில் இரண்டுக்கும் பணம் இல்லாதவர் இவ்வழியில் இறங்குதல் தகாது. கேளாதவர்க்குத் தாமே கொண்டுவந்து கொடுக்கும் காரியாலயத்தை யாம் இதுகாறும் கண்டிலோம்.

நம் சங்கத்து இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை, அவர்தம் இசைவு பெற்று, பெயர் சுட்டாது கூறுகின்றோம். அவ்வில்லத்துத் தம்பியொருவர் வாடகைக்கு ஓட்டும் எண்ணம் யாதுமின்றி, நோயுற்ற தந்தையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்பொருட்டு, அயல் மாநிலத் தரகர் ஒருவர் வாயிலாக ஐந்தாண்டு ஓடிய கார் ஒன்றை வாங்கினார். விலை நம்மூரினும் அறுபதினாயிரம் குறைவு. தாயார் தம் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. விற்றவர் கையெழுத்திட்ட 29, 30-ஆம் எண் படிவங்களும் ஆர்.சி.யும் கைக்கு வந்தன. என்.ஓ.சி. என வழங்கும் தடையின்மைச் சான்றைப் பின்னர் அனுப்புவதாகத் தரகர் கூறினார். பின்னர் என்பது வரவேயில்லை. விற்றவர் வங்கிக் கடனைத் தீர்த்திருந்தும் ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கவில்லை. அவரும் வெளிநாடு சென்றுவிட்டார். எட்டுத் திங்கள் வண்டி கொட்டகையிற் கிடந்தது. அத்தந்தையார் வாடகை வண்டியிலேயே மருத்துவமனைக்குப் போய் வந்தார். ஈற்றிற் சான்று கிடைத்தது. ஆயினும் இங்குக் கட்டிய வரியும், அங்குப் போய் வந்த செலவும், தரகும் கூட்டிப் பார்க்குமிடத்து அறுபதினாயிரம் மறைந்ததன்றி மேலும் செலவாயிற்று.

ஆதலின் முதலிற் கேட்க வேண்டுவது விலையன்று. 28-ஆம் எண் படிவத்தின்வழிப் பெறும் தடையின்மைச் சான்றே. அதில், எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு வண்டி மாறுகின்றது என்பது குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கடன் இருப்பின் வங்கியின் இசைவுக் கடிதமும், நிலுவையான அபராதம் யாதுமின்மையும், உயிரோடுள்ள இன்ஷூரன்ஸும் வேண்டும். இவையெல்லாம் அவ்வூரில் உத்தியோகம் பார்க்கும்பொழுது அரைநாள் வேலை. ஊர் திரும்பிய பின்னர் அலைந்து பெறும் வேலை. பணத்தை முழுதும் கொடுக்குமுன் இவற்றைப் பெறுக. வாங்கியவர் முப்பது நாளுள் தம் ஊர் அலுவலகத்திற்கு உரிமை மாற்றத்தை அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம்.

விருந்தாக வந்த வண்டிக்கும் உடனே பதிவு மாற்ற வேண்டுமோ என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் வினவினார். வேண்டா. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டப்படி, பன்னிரண்டு திங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கே புதிய எண் பெறுதல் கடமை. எனினும் சில மாநிலங்களின் வரிச்சட்டம் அதற்கு முன்னரே வரி கேட்கும். எல்லை கடந்த நாளைக் காட்டும் சுங்கச் சாவடிக் கணக்கைப் பாதுகாத்தல் நலம். ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகஸ்தர்க்கு 2021 செப்டம்பர் முதல் ‘பி.எச்.’ என்னும் பாரத வரிசை எண் ஏற்பட்டுள்ளது. மத்திய, மாநில சர்க்கார் ஊழியர்க்கும், நான்கு மாநிலங்களிலேனும் காரியாலயம் உடைய கம்பெனிகளின் ஊழியர்க்கும் உரியது அது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். மாநிலம் மாறினால் எண் மாற்ற வேண்டுவதில்லை.

பொய் முகவரியைப்பற்றியும் சொல்லாதொழிதல் இயலாது. வரி குறைந்த இடத்தில் ஒரு வாடகை அறையின் முகவரியைக் காட்டிப் பதிந்து, வண்டியை இங்கே ஓட்டுவோர் சிலர். அதனைச் சாமர்த்தியம் என்று விருந்தில் பேசுவோரும் உளர். வண்டி இயல்பாக வைக்கப்படும் இருப்பிடத்தின்கண்ணேயே பதிதல் வேண்டுமென்பது சட்டம். 2017-இல் கேரள சர்க்கார், புதுச்சேரியில் இவ்வாறு பதிந்த விலையுயர்ந்த வண்டிகளைத் தேடி, உடையவர் மீது வழக்குத் தொடுத்தனர். அவர்க்குப் பெரிய வக்கீல்களை அமர்த்தப் பணம் இருந்தது. நம் சங்கத்து நடுத்தரக் குடும்பத்திற்கு அஃது உண்டோ?

இன்னும் ஒன்று, தாய்மார்கள் கேட்டுக்கொள்க. வண்டிக்குடையவர் இறந்துபட்டால், வாரிசானவர் முப்பது நாளுள் அவ்விறப்பையும், வண்டியைத் தாம் வைத்துக்கொள்ளும் எண்ணத்தையும் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்து, மூன்று திங்களுள் 31-ஆம் எண் படிவத்தால் தம் பெயருக்கு மாற்றுதற்கு விண்ணப்பித்தல் வேண்டும். வண்டி அயல் மாநில எண் உடையதாயின் அறிவிக்க வேண்டிய அலுவலகமும் அங்கேயே உள்ளதாதலின், துக்கத்திடையே அவ்வம்மையார்க்கு இரட்டை அலைச்சல். ஆகவே கணவரும் மைந்தரும் ஊர் திரும்பி நிலைத்த உடனேயே எண்ணை மாற்றிவிடுமாறு வீட்டிலுள்ளார் வற்புறுத்துதல் தகும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வரி ரசீது மூன்றும் வீட்டில் எவ்விடத்தில் உள்ளன என்பதையும் கேட்டு அறிந்துகொள்க.

படிவங்களின் பிரதிகள் சங்க வாசகசாலையில் வைக்கப்பட்டுள்ளன. அயல் மாநில எண் கொண்ட வண்டியுடையார் வரும் ஞாயிறு மாலை தம் ஆவணங்களோடு வருவராயின், உடன் அமர்ந்து பார்த்துக் கொடுப்போம்.