பொது வீடுகளை விற்கலாமா?



பொதுப் பணத்திற் கட்டிய வீடுகளை அவற்றிற் குடியிருப்போருக்கே விற்றுவிடலாமா, அன்றி அவை என்றும் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டுமா என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். விற்பதே நீதி என்பார் ஒரு சாரார். விற்பது மக்களுக்கு இழைக்கும் துரோகம் என்பார் மற்றொரு சாரார். எப்பக்கம் சேர்வதற்கும் முன்னர் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். விற்ற பணம் என்னவாகிறது? விற்ற வீடு ஈற்றில் எவர் கையிற் போய்ச் சேருகிறது?

விற்க வேண்டும் என்போரின் வாதத்தை முதலில் நேர்மையோடு நோக்குவோம். முப்பது ஆண்டுகள் தவறாது வாடகை கட்டிய குடும்பம், முப்பதாம் ஆண்டின் முடிவிலும் வாடகைக் குடும்பமாகவே நிற்கிறது. குழாய் ஒழுகினால் கந்தோருக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுத இயலாது. வங்கியில் ஈடு வைக்கவும் இயலாது. சொந்தத் தறையிற் கிணறு வெட்டுகிறவனின் ஊக்கம் குத்தகைக் காணியில் நிற்பவனுக்கு வருவதில்லை என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உறுதி என்னும் ஒரு தாள் மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. இதை மறுப்பவர் ஏழையின் மனத்தை அறியாதவர்.

இந்த ஆசையைச் சட்டமாக்கிய நாடு பிரித்தானியா. அங்கே 1979ஆம் ஆண்டளவில் மூன்றில் ஒரு பங்கு குடும்பங்கள் நகர சபை முதலியவற்றின் வீடுகளிலேயே வாழ்ந்தன. மார்கரெட் தட்சர் அம்மையாரின் அரசாங்கம் 1980ஆம் ஆண்டில் வீடமைப்புச் சட்டமொன்றை நிறைவேற்றி, மூன்று ஆண்டுகள் குடியிருந்தோர் தாம் வாழும் வீட்டை வாங்கும் உரிமையை அளித்தது. சந்தை விலையில் நூற்றுக்கு 33 முதல் 50 வரை கழிவும் கொடுத்தது. அன்று தொடக்கம் இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன. எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதன்முறையாகச் சொந்த வீட்டிற் படுத்துறங்கின. அந்த நன்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும், விற்ற பணம் என்னவாயிற்று? வீட்டு விற்பனையில் வந்த பணத்தில் நான்கில் மூன்று பங்கைக் கடன் தீர்ப்பதற்கென ஒதுக்கிவைக்க வேண்டுமென்று 1990ஆம் ஆண்டு முதல் நகர சபைகளுக்குக் கட்டளையிடப்பட்டது. விற்ற வீட்டுக்கு ஈடாக இன்னொரு வீடு எழவில்லை. விதைநெல்லை விற்றுக் கடன் கட்டியவன் அந்த ஆண்டு கடன்காரனுக்கு முகங்கொடுத்துவிடலாம். அடுத்த விதைப்புக்கு எதைக் கொண்டு வயலில் இறங்குவான்?

வீடு எவர் கையிற் சேர்ந்தது? வாங்கியவர் பலர் காலப்போக்கில் விற்றனர், பணமுள்ளோர் வாங்கினர். விற்கப்பட்ட மாடி வீடுகளுட் பத்தில் நான்கு அளவானவை தனியார் வாடகை வீடுகளாகிவிட்டன என ஆய்வுகள் காட்டின. வீடற்ற குடும்பங்களுக்கு இடம் தேடிக் கொடுக்கும் கடமை நகர சபைகளுக்கு உண்டு. அக்கடமையை நிறைவேற்ற, தாமே கட்டித் தாமே கழிவு விலைக்கு விற்ற வீடுகளைச் சபைகள் கூடிய வாடகைக்கு எடுக்கும் விந்தையும் நிகழ்ந்தது! ஸ்கொத்லாந்து 2016ஆம் ஆண்டிலும், வேல்ஸ் 2019ஆம் ஆண்டிலும் இந்த விற்பனை உரிமையை அடியோடு நீக்கின. இங்கிலாந்து அதை நீக்கவில்லை. 2024 நவம்பரிற் கழிவை மட்டும் பெரிதும் குறைத்தது.

அப்படியானால் விற்பதே பிழையா? விற்றும் தாழாத நாடு ஒன்று உண்டு, அது சிங்கப்பூர். 1960ஆம் ஆண்டில் அங்கே வீடமைப்புக் கழகம் அமைந்தது. 1964ஆம் ஆண்டில் மக்களுக்கு வீடு விற்கும் திட்டம் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு முதல், தொழிலாளர் தம் சேமலாப நிதியிலிருந்தே வீட்டு விலையைச் செலுத்த வழி செய்யப்பட்டது. இன்று அந்நாட்டு மக்களுட் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் இவ்வீடுகளில் வாழ்கின்றனர். ஆனால் அங்கே நிலம் விற்கப்படுவதில்லை. 99 ஆண்டுக் குத்தகையே கொடுக்கப்படுகிறது. வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டுகளேனும் அதிற் குடியிருந்த பின்பே பிறருக்கு விற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்றுக்கொண்டே கட்டினார்கள், கட்டுவதை நிறுத்தவில்லை. குத்தகை முடியும் நாளில் வீட்டின் பெறுமதி என்னவாகும் என்ற கவலை அங்கும் எழுந்துள்ளது. ஆயினும் எம் இரண்டு கேள்விகளுக்கும் அவர்களிடம் விடை இருந்தது.

இத்தகைய கட்டுப்பாடு நமக்குப் புதியதன்று. நமது தேசவழமையை எண்ணிப் பாருங்கள். பங்காளி ஒருவன் தன் பங்கைப் பிறத்தியானுக்கு விற்க முற்பட்டால், முதலில் மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும். வாங்கும் முதலுரிமை அவர்களுடையது. பொது வீட்டின் பங்காளிகள் யாவர்? இன்று அதிற் குடியிருப்பவர் ஒரு பங்காளி. நாளை ஒரு வீடு கிடைக்குமென்று வரிசையிற் காத்திருப்பவர் மற்றப் பங்காளி. முதலாமவருக்கு விற்ற வீடு மீண்டும் சந்தைக்கு வரும்போது, இரண்டாமவர் சார்பில் அதை வாங்கும் முதலுரிமை பொதுச் சபைக்கு இருத்தல் வேண்டும். இங்கிலாந்து இத்தகைய விதியை 2005ஆம் ஆண்டிலேதான் கொண்டு வந்தது. அதற்குள் பல இலட்சம் வீடுகள் கை மாறிவிட்டன.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 1973ஆம் ஆண்டின் சட்டமொன்று, அடுக்குமாடியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனியுறுதி எழுத வழிவகுத்தது. 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், கொழும்பு மாடி வீடுகளில் வாழும் 50,000 குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழு உரிமை வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏழைக்கு உறுதி கிடைப்பதை நான் எதிர்ப்பவனல்லன். ஆனால் நான்கு சுவர்களை ஒருவர் பெயரில் எழுதலாம். கூரையை, படிக்கட்டை, கழிவுநீர்க் குழாயை எவர் பெயரில் எழுதுவது? அவை எல்லோருக்கும் பொதுவானவை. பழுதுபார்க்கும் பொறுப்பை ஏழைகளின் தலையில் இறக்கிவைத்துவிட்டு அதற்கு உரிமை என்று பெயரிடுவது, உழவு மாட்டைத் தனக்கென வைத்துக்கொண்டு ஏர்க்காலை மட்டும் தானம் செய்வது போன்றது. உறுதியோடு பராமரிப்பு நிதியும் சேர்த்துக் கொடுக்கப்படல் வேண்டும்.

கொழும்பு மாடி வீட்டாராவது வாடகைக்காரராக எண்ணப்பட்டனர். அந்த நிலை தானும் இல்லாமல் வாழ்ந்தவர் மலைநாட்டு மக்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசினுடையது, ஆகவே அங்குள்ள லயன் அறைகளும் பொது வீட்டுப் பிரச்சினையே. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருக்கு வேலையும் கூரையும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற அச்சத்தோடு வாழ்பவன் கூலிக்காக எப்படி வாய் திறப்பான்?

அம்மக்களிடம் வீட்டை விற்கலாமா என்று கேட்பதே தகாது. அதன் விலையை அவர்கள் பாட்டன், பூட்டன் காலந்தொட்டு உழைப்பாற் கொடுத்துத் தீர்த்துவிட்டனர். இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகளுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது; 2017ஆம் ஆண்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீட்டுக்கென ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று அப்போது பேசப்பட்டது. கமக்காரரே, அது ஒரு பரப்பிலும் குறைவு! அந்தத் துண்டுக்கும் உறுதி கிடையாவிடில், கட்டிய வீடு ஓடு போட்ட லயனாகவே முடியும். அங்கே கொடுக்க வேண்டியது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிய, விலையில்லாத, தெளிவான உறுதி.

ஆகவே எனது முடிவு இது. விற்கலாம், ஆனால் விற்ற ஒவ்வொரு வீட்டின் பணமும் இன்னொரு வீடாக எழ வேண்டும். வாங்கியவர் அதிற் குடியிருக்க வேண்டும். மீள விற்றால் முதலுரிமை பொதுச் சபைக்கு வேண்டும். பொதுவான பகுதிகளைப் பேண நிதி வேண்டும். உழைப்பால் விலை கொடுத்தோரிடம் மறுபடியும் விலை கேட்கலாகாது.

சட்டம் கற்றோரே, கணக்கு அறிந்தோரே! திட்டங்களின் பெயரை விட்டு அவற்றின் வாசகங்களைப் படியுங்கள்; படித்ததை ஊராருக்கு விளங்கச் சொல்லுங்கள். கமக்காரப் பெரியோரே! உறுதி தருவோம் என்று எவர் உங்கள் படலைக்கு வந்தாலும், அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பணம் என்னவாகும்? வீடு எவர் கையிற் சேரும்? விடை கூறாதவருக்கு வாக்களியாதீர்கள்.