பிணைக்குப் போட்ட கையெழுத்து

(தோட்டக் கிளை மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்று கிழமைக் கடனைப் பற்றிப் பேசுவோம். கடன் வாங்குவது சரியா பிழையா என்று பாடம் நடத்த நாங்கள் வரவில்லை. கூரைத் தகரம் ஓட்டை, பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிக்க வேண்டும் என்றால் கையில் காசில்லாதவர் கடன் வாங்கத்தான் செய்வார். நம்மைக் குழப்புகிற கேள்வி வேறு. குழுவில் ஒருத்தி கட்ட முடியாமல் போனால் மற்ற நாலு பேரும் அவளிடம் எப்படி நடந்துகொள்வது?

இந்த முறை பழையது. 1976இல் வங்கதேசத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் கிராமத்து ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கத் தொடங்கினார். அடகு வைக்க ஒன்றுமில்லாத பெண்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது. 2006இல் அவருக்கும் கிராமின் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பிறகு இலாபத்துக்கு நடத்துகிற கம்பனிகளும் அதே குழு முறையைப் பிடித்துக்கொண்டன. நமக்குச் சொந்தக் காணி இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரியை நமக்குப் பிணையாக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடன் 50,000 ரூபா, வட்டி ஆண்டுக்கு 24 வீதம், 52 கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு 1,192 ரூபா. எட்டாம் ஆண்டுப் பிள்ளை போடுகிற கணக்குத்தான், பெரியவர்கள் நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். ஆனால் கிழமைக்குக் கிழமை முதலையும் திருப்பிக் கொடுக்கிறோமே. ஆறு மாதத்தில் பாதி முதல் நம் கையில் இல்லை. வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரை முழு 50,000க்கும் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும்.

அதோடு, நமக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை, தவணை கிழமைக்கு ஒரு தடவை. நாள் சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் வர்த்தமானியில் வந்தது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். தவணை தவறுகிறவள் எல்லாம் ஏமாற்றுக்காரி என்று எப்படிச் சொல்வது?

சென்டர் கூடுகிற நாளை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் கட்டியாயிற்று. ஐந்தாமவள் வரவில்லை. புருஷன் கொழும்பில் கடையில் வேலை, இரண்டு மாதமாகக் காசு வரவில்லை. அந்தக் காசு வரும்வரை யாரும் எழும்பக் கூடாது என்கிறார் லோன் உத்தியோகத்தர். பொழுது சாய்கிறது, வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நாலு பேரும் நேரே லயத்துக்குப் போய் அவள் வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள்.

சத்தம் போட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டோம். அவளுக்காக ஆளுக்கு 298 ரூபா கட்ட வேண்டும், அது அவர்கள் பிள்ளையின் பால்மாக் காசு. பிணைக்குக் கையெழுத்துப் போட்டதும் உண்மை. ஆனால் அந்தக் கையெழுத்து காசுக்கு மட்டும்தான். அவளை லயமே பார்க்க அவமானப்படுத்துவதாக நாம் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வசூலிப்பது சம்பளம் வாங்குகிற அந்த உத்தியோகத்தரின் வேலை. அவர் வேலையை நாம் சும்மா செய்து கொடுக்கிறோம், அதுவும் விடிந்தால் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுக்கப் போகிறவளிடம்.

போன் வாங்கக் காசிருக்கு, தவணைக்கு இல்லையா என்று சிலர் கேட்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. வைத்துக்கொண்டே கட்டாதவளிடம் கேட்கத்தான் வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து கேளுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். "உன் அம்மா கடன்காரி" என்று மற்றப் பிள்ளைகள் சொன்னதால் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பிள்ளைகளை ஆசிரியர்கள் நாங்கள் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை யாருக்குப் பிணை நின்றது?

இன்னொன்று, இது இதைவிடக் கஷ்டம். மதினி வந்து, "உன் பேரில் ஒரு லோன் எடுத்துத் தா, நான் கட்டுறேன்" என்று கேட்டால்? மறுத்தால் உறவு கசக்கும். ஆனாலும் மறுங்கள். கையிலிருந்தால் ஐந்நூறு ரூபாவைக் கொடுங்கள், பேரைக் கொடுக்காதீர்கள்.

2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில் நுண்கடனால் நொந்த பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களும் ஒருத்திக்கொருத்தி பிணை நின்றவர்கள்தான். ஒருவரையொருவர் திட்டுவதை விட்டு ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

நாமும் இப்படிச் செய்து பார்க்கலாம். தவணை தவறும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே மற்ற நாலு பேரிடமும் சொல்லிவிடுங்கள். ஒளிந்துகொண்டால்தான் கோபம் ஏறும். ஐந்து பேரும் சேர்ந்து தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காசு வரும்வரை உங்களை மறித்து வைக்க எந்த உத்தியோகத்தருக்கும் அதிகாரமில்லை. எழும்பி வாருங்கள்.

கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். வருகிற ஞாயிறு காலை லோன் புத்தகத்தையும் ஒப்பந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால் வாசித்துச் சொல்லுகிறோம். தாளே தரவில்லை என்றால் அதையும் வந்து சொல்லுங்கள், முதலில் அதைக் கேட்டு எழுதுவோம்.