வைஃபை பெட்டி நம் வீட்டில், சாவி யார் கையில்?

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு வைஃபை. "இதெல்லாம் படிச்ச பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். வீட்டு பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க யார் யார் கையெழுத்து வேண்டும் என்றும் தெரியும். வைஃபை போட்டிருக்கிற வீட்டில், அதன் பாஸ்வேர்டு என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்த்தீங்களா, நாலைந்து கைதான் தூக்கினீங்க. மற்றவர்கள் வீட்டில் மகனுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், கனெக்‌ஷன் கொடுத்த ஆளுக்குத் தெரியும். மாதாமாதம் பணம் கட்டுகிற நமக்குத்தான் தெரியாது. அந்த மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டால், பெட்டி வீட்டில் இருந்தும் நம் கைக்கு எட்டாது. அதை எட்ட வைப்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

நம்ம ஊரில் நடந்தது

இணையம் கிராமத்துக்கு வந்த கதை நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது பல ஊர்களில் போன் லைனே சரியாகக் கிடையாது. அதனால் வயர்லெஸ் ரேடியோ மூலம் வில்லியனூரிலிருந்து தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போனாலும் ஓட சோலார் வைத்தார்கள். எம்பலம் கிராமத்து மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில், கடல் அலை எத்தனை உயரம் இருக்கும் என்கிற தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அதே மாதிரி ஒரு மையம் நல்லவாடு மீனவர் கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சேதி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். உடனே வெளியே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். மையத்தின் கதவு பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஜனங்கள் ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் 3,600 பேருக்கு மேல் இருந்த அந்தக் கிராமத்தில் உயிர்ச்சேதம் இல்லை.

அன்றைக்குக் கருவி ஊருக்குள்ளேயே இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. சாவி மட்டும் கையில் இல்லை, அதனால் கதவை உடைத்தார்கள். வைஃபை பூட்டை அப்படி உடைத்துத் திறக்க முடியாது. அதனால் சாவியை முன்கூட்டியே நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

வீட்டில் ஒரே ஒரு செல்போன்தான் என்றால் வைஃபை தேவையில்லை. போனில் போடுகிற ரீசார்ஜே போதும். மூணு நாலு போன் இருக்கிறது, பிள்ளை ஆன்லைனில் படிக்கிறது, வீட்டிலேயே தையல் அல்லது சாப்பாட்டு ஆர்டர் எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா போனுக்கும் ஆகிற ரீசார்ஜ் செலவு எவ்வளவு, வைஃபை மாத வாடகை எவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். வைஃபை போட்டாலும் பேசுவதற்கும் ஓ.டி.பி. வருவதற்கும் சிம்மில் கொஞ்சம் ரீசார்ஜ் வேண்டும், அதையும் சேர்த்துக்குங்க. பக்கத்து வீட்டில் போட்டார்கள் என்பதற்காக மட்டும் போட வேண்டாம்.

பெட்டியை எங்கே வைப்பது

வாசல் மூலையில் தரையில் வைத்துவிட்டு, "அடுப்பங்கரையில் நெட் வரலை" என்று சொல்லிப் பயனில்லை. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள். இரும்பு பீரோ, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வேண்டாம். இரும்பும் தண்ணீரும் அலையைத் தடுக்கும். பெட்டி மேல் துணி போர்த்த வேண்டாம், சூடாகும். வெளியிலிருந்து வருகிற ஃபைபர் வயர் உள்ளே மெல்லிய கண்ணாடி இழை. அதைக் கூர்மையாக மடக்கினாலோ, ஆணி அடித்து நசுக்கினாலோ உடைந்துவிடும். கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருந்து, இடத்தை நீங்களே காட்டுங்கள்.

போனிலேயே செட்டிங் மாற்றும் முறை

கம்ப்யூட்டர் வேண்டாம். கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே போதும். ஒருமுறை நிதானமாகச் செய்தால் கால் மணி நேர வேலை.

1. பெட்டியின் அடியில் அல்லது முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு, உள்ளே நுழைவதற்கான முகவரி, அதற்கான யூசர் நேம், பாஸ்வேர்டு இருக்கும். முதல் வேலையாக அதைப் போனில் படம் எடுத்துக்குங்க.

2. போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். வைஃபையை ஆன் செய்து, ஸ்டிக்கரில் உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம்.

3. குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள கட்டத்தில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இது உங்கள் பெட்டியின் உள்கதவு.

4. யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும். ஸ்டிக்கரில் உள்ளதைப் போடுங்கள். சில நிறுவனங்கள் இதற்கென்று தனி ஆப் வைத்திருக்கின்றன. அப்படியிருந்தால் ஆப் வழியாகவே போகலாம். உள்ளே போக முடியாமல் நிறுவனம் பூட்டி வைத்திருந்தால், கனெக்‌ஷன் கொடுக்க வந்தவரிடமே, உங்கள் எதிரில், நீங்கள் சொல்கிற பாஸ்வேர்டைப் போடச் சொல்லுங்கள்.

5. வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற பகுதிக்குப் போய் பெயரை மாற்றுங்கள். உங்கள் பெயர், கதவு எண், போன் நம்பர் எதுவும் வேண்டாம். அந்தப் பெயர் தெருவில் போகிறவர் போனிலும் தெரியும்.

6. செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுங்கள். 'ஓப்பன்' என்று இருந்தால் பூட்டே இல்லை என்று அர்த்தம்.

7. புதிய வைஃபை பாஸ்வேர்டு போடுங்கள். குறைந்தது 8 எழுத்து கேட்கும். 12-க்கு மேல் வைத்தால் நல்லது. சம்பந்தமில்லாத மூணு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஒரு எண் வையுங்கள். முருங்கை, தறி, நண்டு என்கிற மாதிரி. நான் சொன்னதையே வைக்க வேண்டாம், இங்கே எல்லோரும் கேட்டுட்டீங்க!

8. உள்கதவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் வைஃபைக்குள் வந்த ஒருவர் அந்த உள்கதவையும் திறந்துவிட்டால், நம்மைப் போலி இணையப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி செட்டிங்கை மாற்ற முடியும். நமக்கு வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது.

9. சேவ் கொடுத்தவுடன் எல்லா போனும் துண்டித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம். புதுப் பாஸ்வேர்டு போட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கடைசியாக, இரண்டு பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் வைக்கிற இடத்திலேயே வையுங்கள். சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே" என்று கொடுக்கலாமா?

நம் தெருவில் உப்பு, சர்க்கரை மாதிரி பாஸ்வேர்டும் கை மாறுகிறது. மனசு நல்லதுதான். ஆனால் கனெக்‌ஷன் உங்கள் பேரில், உங்கள் ஆதாரில் இருக்கிறது. அதன் வழியாக யாராவது மோசடி செய்தாலோ, ஒரு பெண்ணின் படத்தைத் தப்பாகப் பரப்பினாலோ, போலீஸ் விசாரணை முதலில் வருவது கனெக்‌ஷன் எடுத்தவர் வீட்டு வாசலுக்குத்தான்.

இது சும்மா பயமுறுத்துவது இல்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. தேடிப்போன போலீஸ் போய்ச் சேர்ந்தது நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கு. அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தி அனுப்பியதாகவே விசாரணை போனது. ஆனாலும் முதலில் பதில் சொல்ல வேண்டி வந்தது அவர்தான்.

உறவுக்காரர், படிக்கிற பிள்ளை வந்தால் என்ன செய்வது? பல பெட்டிகளில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. விருந்தாளிக்குத் திண்ணையைக் காட்டுவது மாதிரி, அதற்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுங்கள். போன பிறகு மாற்றிவிடலாம். வைஃபையின் கியூஆர் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். அந்தப் படமும் பாஸ்வேர்டும் ஒன்றுதான்.

மாதம் ஒருமுறை உள்ளே போய், எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். வீட்டில் நாலு போன், பட்டியலில் ஒன்பது என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிவி சேர்ந்திருந்தால் அதையும் எண்ணிக்குங்க.

விளக்கு சொல்லும் சேதி

நெட் நின்றதும் பெட்டியைத் தட்ட வேண்டாம். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியே வயரில் கோளாறு என்று அர்த்தம். நிறுவனத்துக்குப் போன் செய்வது தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. சிவப்பு இல்லை, ஆனால் நெட் வரவில்லை என்றால், சுவிட்சை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பல நேரம் சரியாகிவிடும்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டையில் ரீசெட் பட்டன் இருக்கும். அதைப் பிள்ளைகள் அழுத்தாமல் பார்த்துக்குங்க. அழுத்திப் பிடித்தால் நிறுவனம் போட்ட செட்டிங்கும் அழிந்து, ஆள் வந்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*வைஃபையில் இரண்டு பெயர் வருகிறதே, எதில் சேர்வது?*
2.4 என்பது மெதுவானது, ஆனால் சுவர் தாண்டி தூரம் போகும். 5 என்பது வேகமானது, ஆனால் பக்கத்தில்தான் நன்றாக வரும். பின்கட்டில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு 2.4 போதும்.

*கரண்ட் போனால் வைஃபையும் போய்விடுகிறதே?*
பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். ரவுட்டருக்கென்றே சின்ன பேட்டரி யூ.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் பெட்டியின் வோல்ட் எவ்வளவு என்று அடாப்டரில் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

*"உங்க நெட்டைச் சரி பண்றோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று போன் வந்தால்?*
வையுங்கள் போனை. உங்கள் போன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கிற ஆப்பாக அது இருக்கலாம். வங்கி ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் நம்பர் எவருக்கும் சொல்லக் கூடாது. பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

அடுத்த மாதத்துக்கான வேலை

சகோதரிகளே, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டபோதும், வங்கிக்குள் முதன்முதல் நுழைந்தபோதும் "இது நமக்கு வருமா?" என்று நாம் தயங்கினோம். இன்று குழுக் கணக்கை நாமே எழுதுகிறோம். இதுவும் அப்படித்தான்.

ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் முன்வாருங்கள். அவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டு பாஸ்வேர்டையும் தாங்களே மாற்ற வேண்டும். மகன் பக்கத்தில் இருக்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு அந்த இருவரும் குழுவில் வைஃபை உள்ள மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எத்தனை வீட்டில் மாற்றினோம் என்று தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம்!

அடுத்த கூட்டத்தில் இதே கேள்வியை மறுபடியும் கேட்பேன். அப்போது எல்லாக் கையும் உயர வேண்டும்.