பொம்மைக்குக் கண்ணாடி வீடு, பெரியவருக்குப் பஸ் ஸ்டாப்பு

(தலைப்பு: சின்ன வீட்டை அலங்கரிக்க வேண்டியது வருகிறவர்களுக்காகவா, வாழ்கிறவர்களுக்காகவா? ‘வாழ்கிறவர்களுக்காகவே’ என்ற அணியில் கோவையில் பேசியது.)



‘சின்ன வீடு’ என்று நடுவர் அய்யா தலைப்பைப் படித்ததுமே ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியதைக் கவனித்தேன். நம்ம கோபி பக்கத்து வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜ் 1985லேயே அந்தப் பேரில் படம் எடுத்துவிட்டார். அது வேற வீடுங்க. அதை அலங்கரிக்கிற வேலை நமக்கு வேண்டாம். (சிரிப்பு) நான் பேசப்போவது பத்துக்குப் பன்னிரண்டு ஹால், ஒரு படுக்கையறை, மாமியார் உள்ளே போனால் மருமகள் வெளியே வந்தாகவேண்டிய ஒரு சமையலறை. இந்த வீட்டைப் பற்றித்தான். இதில்தான் நம்மில் பாதிப் பேர் இருக்கிறோம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். ‘ஒரம்பரை வந்தா உக்கார ஒரு சோபா வேண்டாமா? கண்ணுக்கு நாலு பொருள் வேண்டாமா? வீட்டைப் பார்த்துத்தானே பொண்ணு குடுக்கறாங்க, பொண்ணு எடுக்கறாங்க?’ என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நான் மறுக்கலைங்க. வந்தவங்களை ‘வாங்க, உக்காருங்க’ன்னு சொல்லி ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணி குடுத்துட்டுத்தான் வந்த காரியத்தையே கேட்கிற ஊர் இது. ஆனால் ஒரு கணக்குப் போடலாமா? ஒரம்பரை எத்தனை நாளுங்க வருவாங்க? மாரியம்மன் நோம்பிக்கு வருவாங்க, ஒரு சீருக்கு வருவாங்க, பத்திரிகை வைக்க வருவாங்க. தாராளமாகவே வருஷத்துக்கு 20 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 345 நாள் அந்த ஹாலில் யாருங்க இருக்கிறது?

இருக்கிறது ஷோகேஸ். சிரிக்காதீங்க. உங்க வீட்டு ஷோகேஸை மனசுக்குள்ள ஒரு தரம் திறந்து பாருங்க. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பை ஆறு. காப்பி குடிச்சிருக்கோமா? இல்லை. ஊட்டியில் வாங்கிய யானை, பழநியில் வாங்கிய மயில், பையன் மூன்றாம் வகுப்பில் வாங்கிய கோப்பை. பொம்மை எல்லாம் கண்ணாடிக்குள்ளே ஜோராக உட்கார்ந்திருக்கு. வீட்டுக்காரர் வட்டலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார். (சிரிப்பு, கைதட்டல்)

சரி, அந்த ஷோகேஸை எங்கே நிறுத்தினோம்? மேற்குச் சன்னலை மறைத்து நிறுத்தினோம். இதைத்தான் நான் பெரிய குற்றம் என்பேன். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் மதில் சுவர் மாதிரி நிற்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் அந்த வாசல் வழியாகத்தான் நமக்குக் காற்று. மேற்குச் சன்னலையும் கிழக்குக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் சின்ன வீட்டில் அது குறுக்கே ஓடி, அடுப்படிப் புகையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கோயமுத்தூர்க்காரனுக்கு இதைவிட அலங்காரம் என்னங்க வேண்டும்? நாம் அதன் முகத்தில் பலகையை அடித்துவிட்டு, ஏ.சி.க்கு மாசத் தவணை கட்டுகிறோம்.

‘அப்ப உங்க அணிக்கு அலங்காரமே வேண்டாமா, சுண்ணாம்பு அடிச்சிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துக்கறதா?’ என்று எதிரணி அம்மிணி கேட்டாங்க. வேணுமுங்க. எனக்கும் அழகு பிடிக்கும். சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட வழி இருக்கு, அதுக்கு லட்ச ரூபாய் வேண்டாம். சுவருக்கு வெளிறிய ஒரே நிறம், மேல்தளத்துக்கும் கிட்டத்தட்ட அதே நிறம். நாலு சுவருக்கு நாலு நிறம் அடித்தால் கண்ணு ஒவ்வொரு மூலையிலும் முட்டி நிற்கும்; முட்டி நிற்கிற இடத்தில்தான் அறை முடிந்துபோகுது. திரைத்துணிக் கம்பியைச் சன்னல் தலைமாட்டில் அடிக்காமல், மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழே அடித்துத் துணியைத் தரை வரைக்கும் தொங்கவிடுங்கள். சுவர் உயர்ந்துவிட்ட மாதிரி தெரியும். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் இரண்டு தரம் வேலை பார்க்கும். நடு உத்தரத்தில் ஒரே ஒரு டியூப் லைட் எரிந்தால் வீடு ரேஷன் கடை மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக மூலைக்கு ஒன்றாக இரண்டு மூன்று சின்ன எல்.இ.டி. விளக்கு, கொஞ்சம் மஞ்சள் சாயலில். கால் வைத்த கட்டில், கால் வைத்த மேசை வாங்குங்கள். அடியில் தரை தெரியத் தெரிய அறை விரியும். பெருக்கவும் சுலபம். இந்தக் கடைசிச் செய்தி ஆண்களுக்குப் புரியாது, விட்டுவிடுகிறேன். (பெண்கள் பக்கம் பலத்த கைதட்டல்)

அப்புறம் அந்த ஃபால்ஸ் சீலிங். பத்தடி உயரமுள்ள அறையில் முக்கால் அடியைச் சாந்துப் பலகைக்குக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே காற்றாடியை மாட்டினால், சட்டை மாட்டக் கையைத் தூக்குகிற ஆள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் தூக்கவேண்டும். பெரிய பங்களாவில் அது வைக்கட்டும். நம்ம வீட்டுக்கு வேண்டாமுங்க.

மில் லைன் வீட்டில் வாழ்ந்தவங்க இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீங்க. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்து, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்லாக முளைத்தது. வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு வரிசை வரிசையாக லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, உள்ளே ஆறு பேர், மில்லில் மூன்று ஷிப்டு. ஒருத்தர் தூங்கணும், ஒருத்தர் கிளம்பணும், ஒரு குழந்தை படிக்கணும், எல்லாம் ஒரே நேரத்தில். பகலில் பாய் சுருண்டு மூலையில் நிற்கும். ட்ரங்குப் பெட்டிமேல் போர்வையை மடித்துப் போட்டால் அது நாற்காலி. பித்தளைப் போசிகளைப் புளி போட்டுத் துலக்கிப் பலகையில் பெரிசு, அடுத்தது, அதுக்கடுத்தது என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சாயங்கால வெயில் பட்டால் அந்தச் சுவரே விளக்கேற்றின மாதிரி இருக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து எறவாரத்தில் காப்புக் கட்டினால், அந்த வருஷத்து அலங்காரம் முடிஞ்சுது.

நான் ஏழ்மையைப் புகழ வரவில்லை. பொதுக்குழாயிலும் கக்கூசிலும் விடியற்காலையில் வரிசை நின்ற பெண்களைக் கேட்டால் லைன் வீட்டின் இன்னொரு முகத்தைச் சொல்லுவார்கள். ஆனால் அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை பார்த்தது. நம் ஹாலில் இருக்கிற பொருள் எதுவும் ஒரு வேலைகூடப் பார்ப்பதில்லை.

‘இதெல்லாம் பழைய பஞ்சாங்கம், வெளிநாட்டைப் பாருங்க’ என்று தம்பி சொன்னார். போவோமுங்க, டிக்கெட் செலவில்லையே. லே கார்புசியே என்று ஒரு கட்டடக்கலை மேதை. நம்ம சண்டிகர் நகரத்துக்கே திட்டம் போட்டுக் கொடுத்தவர். அவர் தனக்கென்று பிரான்சு நாட்டுக் கடலோரத்தில் 1952இல் ஒரு குடில் கட்டினார். எவ்வளவு பெரிசு தெரியுங்களா? 12 அடிக்கு 12 அடி. நம்ம லைன் வீடு! உள்ளே கட்டில், மேசை, சாமான் வைக்கிற இடம், உட்காருவதற்கு மரப்பெட்டி. சன்னல் கதவிலேயே கண்ணாடியைப் பதித்துவிட்டார், வெளியே இருக்கிற வெளிச்சமும் காட்சியும் உள்ளே வரட்டும் என்று. ஒன்றே ஒன்று மட்டும் கிடையாது. சமையலறை! பக்கத்தில் ஓட்டல், அதற்கு நேராக ஒரு கதவு. (பெண்கள் பக்கம் நீண்ட கைதட்டல்) தாய்மார்களே, கட்டடக்கலைக்கு இவ்வளவு கைதட்டல் நான் எதிர்பார்க்கலை.

அவ்வளவு தூரம் வேண்டாம், வாளையார் தாண்டுங்கள். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர் லாரி பேக்கர். சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டவர். அவர் கட்டின வீடுகளில் சாமான் வாங்கி நிரப்பவேண்டிய தேவையைப் பெரும்பாலும் சுவரே முடித்துவிடும். உட்காருகிற திண்டு சுவரோடு சேர்ந்தது. புத்தகம் வைக்கிற மாடம் சுவருக்குள்ளேயே. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததுங்க. நம்ம ஊர்ப் பழைய வீட்டில் வாசலுக்குத் திண்ணை, ஆசாரத்துச் சுவரில் விளக்கு மாடம், தலைக்கு மேலே அட்டாலி, பின்னால் பொடக்காலி. எல்லாம் இருந்தது. திண்ணையை இடித்துவிட்டுத்தான் ஸ்டூல் வாங்கக் கடைக்குப் போனோம்.

ஐந்து மைல் கணக்கு இன்றைக்கு நடக்காதுதான். ஒரு பஸ் டிக்கெட் கணக்கு வைத்துக்கொள்வோம். பவானிக்குப் போனால் ஜமக்காளம். 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். சின்ன ஹாலில் துண்டு துண்டாக நாலு மிதியடி போடாமல், சுவருக்குச் சுவர் ஒரே ஜமக்காளம் விரித்துப் பாருங்கள். பட்டை நீளவாக்கில் ஓடும்படி விரித்தால் அறையும் நீளும். பத்து ஒரம்பரை வந்தாலும் உட்காரலாம், போன பிறகு உதறி மடித்துவிடலாம். சோபாவை மடிக்க முடியுங்களா? சென்னிமலையில் படுக்கை விரிப்பு, கரூரில் திரைத்துணியும் மேசை விரிப்பும். கரூரிலிருந்து கப்பல் ஏறிய துணிதான் எத்தனையோ வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. நாம் செல்போனில் அந்த வெள்ளைக்காரர் வீட்டுப் படத்தைப் பார்த்து, ‘இதே மாதிரி வேணும்’ என்று எங்கிருந்தோ ஆர்டர் போடுகிறோம். (சிரிப்பு)

இனி சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லணும் நடுவர் அய்யா.

எங்கள் தெருவில் ஒரு வீடு. பேர் வேண்டாம். மகன், மருமகள், ஒரு பேத்தி, மில்லில் முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். பெரியவருக்கு ஹாலில் சன்னலோரம் ஒரு கயித்துக் கட்டில். மகனுடைய ஆபீசிலிருந்து யாரோ வீட்டுக்கு வரப்போறாங்கன்னு, நகையை வைத்துப் பணம் வாங்கி ஹாலை மாற்றினார்கள். ஏழு பேர் உட்காருகிற எல் வடிவ சோபா, நடுவில் கண்ணாடி டீப்பாய், சுவர் முழுக்க டி.வி. பலகை. நான் போய்ப் பார்த்தேன். சினிமா செட் மாதிரி இருந்தது. ‘பெரியவர் எங்கம்மா?’ என்றேன். ‘கட்டிலை மாடிப்படிக்குக் கீழே போட்டிருக்குங்க அக்கா, ராத்திரி மட்டும்தானே’ என்றாள் அந்தப் பொண்ணு. கெட்ட பொண்ணு இல்லைங்க. நேரத்துக்குச் சோறு போடுகிறவள், மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அறையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் சில நாளாக ஒன்றைப் பார்த்தேன். நான் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பெரியவர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பார். நான்கரைக்குத் திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார். பஸ் வரும், போகும். எதிலும் ஏறமாட்டார். ஒரு நாள் கேட்டேவிட்டேன், ‘ஏனுங்க அய்யா, எங்க போகணும்?’ என்று. ‘எங்கயும் இல்லீங்க டீச்சர். இங்க நல்லாக் காத்து வருதுங்க’ என்றார். அவர் சோபாவில் உட்காரலாம். யாரும் தடுக்கவில்லை. அழுக்காகிவிடுமோ என்று அவருக்கே பயம்.

(அரங்கில் அமைதி)

தம்பி, உங்கள் கட்சிப்படி அந்த ஹால் வெற்றி. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன். அந்த ஹாலின் மார்க்கை யார் போடணும்? அரைமணி நேரம் காப்பி குடித்துவிட்டுப் போகிறவரா, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறவரா?

மாற்றம் எங்கிருந்து வந்தது தெரியுங்களா? ஏழாவது படிக்கிற பேத்தியிடமிருந்து. பள்ளிக்கூடத்தில் ‘உன் வீட்டின் வரைபடம் வரைந்து வா’ என்று சொல்லியிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தாள். கட்டம் போட்ட தாளில் சோபாவை வரைந்தால் ஹாலில் பாதி போய்விட்டது. அப்பா, அம்மா, அவள் மூன்று பேருக்கும் இடம் குறித்தாள். அப்பாருக்குக் குறிக்க இடம் தேடி, படிக்குக் கீழே ‘அப்பாரு’ என்று எழுதிக் கொண்டுபோய் மகனிடம் காட்டியிருக்கிறாள். அந்தத் தாளை மகன் எனக்கும் காட்டினான். அவன் வேறு ஒன்றும் பேசலை.

இப்போது அந்தச் சன்னலோரம் ஒரு திண்ணை இருக்கிறது. வீட்டுக்குள்ளே திண்ணை! நீளம் ஆறரை அடி, அகலம் இரண்டேகால் அடி, உயரம் ஒன்றரை அடி. செங்கல் வைத்துக் கட்டி, மேலே சிவப்புக் காவி பூசி மெருகேற்றினார்கள். மாடியில் குடியிருக்கிறவங்க செங்கல் ஏற்றவேண்டாம், பலகையில் பெட்டி அடித்தாலே போதும். திண்ணைக்குக் கீழே மூன்று பொந்து. ஒன்றில் பேத்தி புத்தகம், ஒன்றில் போர்வை, ஒன்றில் பெரியவருடைய மருந்துப் பெட்டி. மேலே பஞ்சு மெத்தை, அதன்மேல் சென்னிமலை விரிப்பு. ராத்திரி அவருக்குக் கட்டில். பகலில் நாலு பேர் உட்காருகிற இருக்கை. ஆபீசில் இருந்து யாராவது வந்தால் அவரே காலை மடக்கிக்கொண்டு, ‘வாங்க, இப்படி உக்காருங்க, காத்து நல்லா வரும்’ என்கிறார். (பலத்த கைதட்டல்)

நடுவர் அய்யா மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. அந்த எல் வடிவ சோபா இப்போது அவங்க மொட்டை மாடிக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது, வாங்க ஆள் தேடுறாங்க. எதிரணி நண்பர்களுக்கு வேணுமானால் விலாசம் தர்றேன், விலை முன்னே பின்னே பேசிக்கலாம்.