எண்ணெய் மாற்றுவது எவர் கையில்?

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கு எண்ணெய் மாற்ற மூன்று வழிகள் உண்டு: கம்பெனி முகவர், தனியார் கராஜ், சொந்தக் கை. முகவரை விட்டகன்றால் உத்தரவாதம் போய்விடும் என்பது பலரது அச்சம். 1975ஆம் ஆண்டின் மக்னசன்-மொஸ் சட்டம் அதற்கு விடை கூறுகின்றது. எண்ணெய் மாற்றத்தை இலவசமாகச் செய்து தராத நிறுவனம், வேறிடத்தில் மாற்றியதை மட்டும் காட்டி உத்தரவாதத்தை மறுத்தலாகாது. ஆயினும் உரிய எண்ணெயை உரிய காலத்தில் இட்டமைக்குப் பற்றுச்சீட்டைப் பேணுதல் நன்று.

இனி, வேலை நுணுக்கம். 1998 வரை செய்யப்பட்ட, காற்றினாற் குளிரும் எஞ்சின் பூண்ட போர்ஷ் 911 வண்டியில் எண்ணெய் தனித் தொட்டியில் நிற்கும். எஞ்சின் நன்கு சூடேறி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை நோக்குதல் வேண்டும். நின்ற எஞ்சினில் நோக்குபவர், எண்ணெய் குறைந்ததென மயங்கி மேலும் ஊற்றிவிடுவார். மிகுந்த எண்ணெய் காற்றுப் புகும் வழியிற் புகுந்து புகையாய் வெளிப்படும்.

தாமே செய்பவர், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகாது தாங்கிகளை வைத்தல் வேண்டும். கழிவெண்ணெயை மண்ணிற் கொட்டாது, சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பிறரிடம் விடுபவர் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: “இந்த எஞ்சினில் எண்ணெயை எப்போது அளப்பீர்கள்?” தடுமாறாது சரியான விடை தருபவர் சிறு கராஜ்காரராயினும், அவரிடம் வண்டியை நம்பி விடலாம்.